கல்யாணக் கார்டில் வரும் காதல் பாட்டு: அகத்திணை என்றால் என்ன?

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஓர் அச்சுக்கடையில் பக்கம் கட்டுகிற வேலை எனக்கு. கல்யாணக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமக்கிரியைப் பத்திரிகை என்று தமிழில் எது அடிக்க வேண்டுமானாலும் என் மேசைக்குத்தான் வரும். கல்யாணக் கார்டுக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கிற பாட்டு ஒன்று இருக்கிறது. பிள்ளையார் படம் மாறும், பார்டர் மாறும், பாட்டு மாறாது.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. கூடவே பெண்ணின் தாத்தா. திரையில் பாட்டைப் பார்த்த தாத்தா, "தம்பி, இத யாரு சொல்றா? யாருகிட்ட? எப்போ?" என்றார். "கல்யாணத்துக்குன்னே எழுதுன பாட்டு தாத்தா" என்று மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

அப்படி இல்லை. இந்தப் பாட்டில் கல்யாணமே கிடையாது. ஆனால் தாத்தா கேட்டாரே மூன்று கேள்வி, சங்க இலக்கியக் காதல் பாட்டு எதை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியவை அவைதான். நம்மில் பலருக்கு இந்தப் பாட்டுகள் மேற்கோளாகத்தான் பழக்கம். ஐந்து வகை நிலம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். "அந்தக் காலத்துத் தமிழன் சுதந்திரமாகக் காதலித்தான்" என்று மேடையில் யாராவது முழங்கக் கேட்டிருப்போம். பாட்டு எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் நடுவில் விட்டுப்போய்விடும். அன்று தாத்தாவுக்குச் சொல்ல ஆரம்பித்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கோப்பி ஓ கோசோங்

கடைக்கு எதிரே உள்ள கோப்பிக்கடையில் போய் "கோப்பி ஓ கோசோங்" என்றால் பால் இல்லாமல், சீனி இல்லாமல் கடுங்கோப்பி வரும். "ஓ" ஹொக்கியன் சொல், கறுப்பு என்று பொருள். "கோசோங்" மலாய், காலி என்று பொருள். ஆர்டர் எடுப்பவர் இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை, காதில் விழுந்ததும் திரும்பிப் போய்விடுவார். சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அவ்வளவுதானா? சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். அவருக்கு அது வெறும் சத்தம், எங்களுக்கு முழு ஆர்டர்.

கார்டில் போடுகிற அந்தப் பாட்டு வருகிற குறுந்தொகையும் இப்படித்தான். ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பாட்டுகளின் தொகுப்பு அது. மொத்தம் 401 பாட்டு, பெரும்பாலும் நாலடிக்குக் குறையாது, எட்டடிக்கு மேல் போகாது. இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு பெண்ணின் பயம், அவள் தாயின் காவல், ஊர் வாய், நள்ளிரவு, மழை எல்லாம் எப்படி அடங்குகின்றன? பாடியவரும் கேட்டவரும் ஒரே கோப்பிக்கடைக்கு வந்து போகிறவர்கள் மாதிரி என்பதுதான் பதில். மலையைச் சொன்னால் இது, மாலையைச் சொன்னால் இது என்று இரு பக்கத்துக்கும் முன்னாலேயே தெரியும். அந்த உடன்பாடு தெரியாமல் நாம் படிக்கும்போது, சென்னை உறவினர் மாதிரி விழிக்கிறோம்.

பெயர் சொல்லக் கூடாது

பழந்தமிழ்ப் பாட்டை இரண்டாகப் பிரிப்பார்கள். காதலைப் பாடுவது அகம். போர், கொடை, அரசு, சாவு என்று வெளியுலகத்தைப் பாடுவது புறம். புறப்பாட்டில் பாரி, அதியமான் என்று ஆளைப் பெயர் சொல்லியே பாடலாம். அகத்தில் அது கூடாது. "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்று தொல்காப்பியம் கறாராகச் சொல்கிறது. பின்னணியில் ஒரு அரசனின் பெயரோ ஊரின் பெயரோ வரலாம். காதலிக்கிற இருவருக்கும் மட்டும் பெயர் வராது. அவன் தலைவன், அவள் தலைவி, அவ்வளவுதான். (கட்சிக் கிளைத் தலைவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு நண்பர் உண்மையிலேயே குழப்பிக்கொண்டார்.)

இந்த ஒரு விதி தெரிந்தாலே பெரிய தவறு ஒன்று தீர்ந்துவிடும். இவை புலவர்கள் தங்கள் சொந்தக் காதலை எழுதிய டைரி அல்ல. கபிலர் ஆண். ஆனால் தலைவியாகப் பேசுவார், தோழியாகப் பேசுவார். இப்படி ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து வரும் பேச்சுக்குக் கூற்று என்று பெயர். தலைவன், தலைவி, தோழி, பெற்ற தாய், வளர்த்த செவிலித்தாய், வழியில் பார்த்தவர்கள் என்று பேசுவதற்கு ஒரு குறிப்பிட்ட கூட்டமே இருக்கிறது. புலவர் தன் குரலில் பேசுவதே இல்லை.

அப்புறம், பாட்டின் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: இன்னார், இன்னாரிடம், இந்தச் சமயத்தில் சொன்னது என்று. பாட்டைத் தொகுத்துக் காத்தவர்கள் வழியாக வந்தது அது. புகைப்படத்துக்குக் கீழே போடுகிற வரி மாதிரி வைத்துக்கொள்ளலாம். கார்டில் போடும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான். நானே எத்தனை முறை வெட்டியிருக்கிறேன்!

இதுவரை: அகம் என்பது காதல் பாட்டு. அதில் பெயர் கிடையாது. ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் பேசுகிறது.

நிலம் என்பது மனநிலை

இனி எல்லோரும் குழம்புகிற இடம். குறிஞ்சி என்றால் மலை, முல்லை என்றால் காடு, மருதம் என்றால் வயல், நெய்தல் என்றால் கடற்கரை, பாலை என்றால் வறண்ட இடம் என்று படித்திருப்போம். தப்பில்லை, ஆனால் பாதிதான். அப்படிப் பார்த்தால் திணை ஒரு புவியியல் பாடமாகிவிடும்.

திணை என்பது மூன்று அடுக்கு. இடமும் நேரமும் சேர்ந்தது முதற்பொருள். அந்த இடத்தில் இருக்கிற பூ, பறவை, விலங்கு, தெய்வம், ஆட்கள், தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே நடக்கிற மனநிலை உரிப்பொருள். மூன்றில் உரிப்பொருளுக்குத்தான் முதல் மரியாதை. மலையும் பூவும் அதற்குச் சேவகம் செய்ய வந்தவை.

குறிஞ்சியின் மனநிலை புணர்தல், அதாவது இருவரும் சேர்வது. நேரம் நள்ளிரவு, காலம் குளிர். ஏன் மலை என்று கேட்டால் பெரிய காரணம் வேண்டாம். இரவில் கொடிமலைப் பக்கம் போயிருந்தால் தெரியும்: மறைவு, குளிர், இருட்டு. யாருக்கும் தெரியாமல் சந்திப்பவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

முல்லை என்றால் இருத்தல். போனவன் திரும்பி வருவான் என்று காத்துக்கொண்டு வீட்டில் இருப்பது. மாலை நேரம், மழைக்காலம். "மழை தொடங்குவதற்குள் வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். மேகம் கூடிவிட்டது, முல்லை பூத்துவிட்டது, ஆளைக் காணோம்.

பாலைதான் இந்த முறையின் சூட்சுமம். நிறையப் பேர் பாலை என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் நினைத்துக்கொள்கிறார்கள். பாலைக்கென்று தனி நிலமே இல்லை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்து, தம் இயல்பை இழந்து நிற்கும்போது பாலை என்கிற வடிவத்தைக் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பாலையின் மனநிலை பிரிதல், நேரம் நண்பகல். அதாவது இடம் அதேதான். ஒருவர் கிளம்பும்போது அது பாலையாகிவிடுகிறது.

தாத்தாவுக்கு இதைச் சொன்னபோது பெண் நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரலில் இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் திரும்ப ஏறுவார். "அப்போ அதே பஸ் ஸ்டேண்டு, சனிக்கிழம முல்லை, ஞாயித்துக்கிழம பாலையா?" என்றாள். நான் பத்து நிமிடம் சொன்னதை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

நெய்தல் இரங்கல்: கடற்கரை, பொழுது சாயும் நேரம், ஏங்கி வருந்துவது. மருதம் ஊடல்: வயல், விடியற்காலை, வேறொரு பெண்ணிடம் போய்விட்டு வரும் கணவனிடம் கோபித்துக்கொள்வது. சங்கக் காதல் என்றாலே தூய காதல் என்று பேசுபவர்கள் மருதத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். குறுந்தொகையின் எட்டாம் பாட்டைப் பேசுவது அந்த வேறொரு பெண்ணேதான். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசிவிட்டுப் போனவன், தன் வீட்டில் பிள்ளையின் தாய்க்கு முன்னால் கண்ணாடியில் தெரியும் பொம்மை மாதிரி, கையைத் தூக்கினால் கையைத் தூக்குகிறான், காலைத் தூக்கினால் காலைத் தூக்குகிறான் என்று நக்கலடிக்கிறாள். ஐந்தும் போக, ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை என்றும் பொருந்தாக் காதலுக்குப் பெருந்திணை என்றும் இரண்டு உண்டு. அவை இப்போதைக்கு வேண்டாம்.

சுருக்கமாக: திணை என்பது மனநிலையின் பெயர். காதல் பாட்டின் திணை என்பதால் அகத்திணை. நிலமும் நேரமும் பூவும் அந்த மனநிலையைச் சொல்லாமல் சொல்கிற குறிகள்.

ஒரு பலாப்பழமும் ஒரு டுரியானும்

குறிகளை வைத்துக்கொண்டு புலவர் என்ன செய்கிறார் என்பதை ஒரு பாட்டில் பார்த்துவிடலாம். கபிலர் பாடிய குறுந்தொகை 18.

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யாரஃது அறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்குஇவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே

தோழி தலைவனிடம் பேசுகிறாள். அவன் இரவில் ரகசியமாக வந்து போகிறான், கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. "மூங்கில் வேலிக்குள்ளே, வேரில் பலா காய்க்கிற மலைநாட்டுக்காரனே, காலம் பார்த்து நடந்துகொள். இவள் நிலையை யார் அறிவார்? சின்னக் கிளையில் பெரிய பழம் தொங்குவது போல, இவள் உயிர் மிகச் சிறியது, ஆசையோ பெரியது." இவ்வளவுதான் அவள் சொல்வது.

பாலிக் புலாவில் டுரியான் தோட்டத்துக்குப் போயிருப்பீர்கள். சில மரங்களில் பழத்தின் காம்பைக் கயிற்றால் கிளையோடு கட்டி வைத்திருப்பார்கள். கையளவு கிளை, தலையளவு பழம், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கயிறு. அதற்குக் கீழே நிற்கும்போது கழுத்து தானாகவே உள்ளே போகும். எப்போது விழும் என்று தெரியாது, விழப்போவது மட்டும் உறுதி. சிறுகோட்டுப் பெரும்பழம் எனக்குப் புரிந்தது புத்தகத்தில் இல்லை, அங்கேதான்.

இப்போது முதல் வரிக்குத் திரும்புங்கள். ஒரே பாட்டில் இரண்டு பலா. அவன் நாட்டுப் பலா வேரிலேயே காய்த்திருக்கிறது, சுற்றிலும் வேலி வேறு. விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, யாரும் திருடவும் முடியாது. இவள் நிலையோ நுனிக்கிளைப் பழம். "உனக்கென்னப்பா, நீ பத்திரமாக இருக்கிறாய்" என்று தோழி நேராகச் சொல்லவில்லை. அவன் ஊரை வர்ணிக்கிற மாதிரி இரண்டு வார்த்தை, அதற்குள் முழுக் குற்றச்சாட்டு. இப்படி இயற்கை வர்ணனைக்குள்ளே பேச வந்த விஷயத்தை ஒளித்து வைப்பதற்கு உள்ளுறை என்று பெயர். என்னைக் கேட்டால், அகப்பாட்டின் முழு ருசியும் இதில்தான். பூவும் காயும் அழகுக்காகப் போட்டவை என்று நினைத்துத் தாண்டிவிட்டால், மீதி இருப்பது ஒரு சாதாரணப் புகார்.

இந்தப் பாட்டைக் கார்டில் போடலாமா என்று ஒருவர் ஒருமுறை கேட்டார். "காமம்" என்ற சொல்லைப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டார். சங்கப் பாட்டில் காமம் கெட்ட வார்த்தை இல்லை. காதல், ஆசை, அன்பின் வேகம் எல்லாம் அதில் அடக்கம். திருக்குறளில் 250 குறள் காமத்துப்பாலில்தான் இருக்கின்றன. ஆனாலும் கல்யாண மண்டபத்தில் அத்தைமார்களுக்கு யார் போய் விளக்குவது? அவர் செய்தது சரிதான்.

களவு என்றால் திருட்டு

"அந்தக் காலத்தில் காதலுக்குத் தடையே இல்லை" என்கிற மேடைப் பேச்சுக்கு வருவோம். தொல்காப்பியம் காதல் வாழ்க்கையை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது. கல்யாணத்துக்கு முன், பெற்றோருக்குத் தெரியாமல் பழகுவது களவு. ஊரறிய மணந்து வாழ்வது கற்பு. முதல் கட்டத்தின் பெயரிலேயே ஒளிவு இருக்கிறது. தடை இல்லாவிட்டால் எதற்குத் திருட்டுத்தனம்?

பாட்டுகள் முழுக்கத் தடைகள்தான். ஊர் கிசுகிசுப்பதற்கு அலர் என்று தனிப் பெயரே உண்டு. தாய்க்குச் சந்தேகம் வந்தால் பெண்ணை வீட்டை விட்டு வெளியே விடமாட்டாள், அது இற்செறிப்பு. வேறு வழியில்லாமல் இருவரும் ஊரை விட்டுக் கிளம்பினால் உடன்போக்கு. இத்தனைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் இவை அடிக்கடி பாடப்பட்ட சூழ்நிலைகள் என்று பொருள். அதற்காக இவற்றை அந்தக் காலத்துச் சமூக அறிக்கையாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சினிமாவை வைத்து இன்றைய கோலாலம்பூரைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும்? கொஞ்சம் உண்மையும், நிறைய மரபும் இருக்கும்.

களவின் பயத்தைக் குறுந்தொகை 25 போல வேறு எதுவும் எனக்குக் காட்டியதில்லை. இதுவும் கபிலர்தான், பேசுவது தலைவி. அவன் என்னோடு சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? சாட்சிக்கு ஒரு குருகு இருந்தது. தினைத்தாள் போன்ற சின்னப் பசுங்கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு. அந்தப் பறவையின் கால் என்ன நிறம், எது போல இருந்தது என்பது வரை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் பறவையோ மீனைத்தான் பார்த்தது, இவளைப் பார்க்கவில்லை. இருந்த ஒரே சாட்சியும் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

மறுபடியும் செம்மண்

இப்போது கார்டுப் பாட்டுக்குத் தாத்தாவின் மூன்று கேள்விகளையும் போட்டுப் பார்க்கலாம். யார் சொல்வது? தலைவன். யாரிடம்? தலைவியிடம். எப்போது? கீழே உள்ள குறிப்பு சொல்கிறது: இருவரும் முதல்முறை சேர்ந்த பின், இவன் பிரிந்து போய்விடுவானோ என்று அவள் பயப்படுகிறாள். அவள் முகம் மாறுவதைக் கவனித்து அவன் சொன்னது இது. 25-ஆம் பாட்டில் தலைவி பட்ட அதே பயம், இங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து. திணை குறிஞ்சி. ஆனால் பாட்டில் மலை இல்லை, குறிஞ்சிப் பூ இல்லை, நள்ளிரவும் இல்லை. மனநிலை ஒன்றை வைத்துத்தான் அது குறிஞ்சி. உரிப்பொருளுக்கு முதல் மரியாதை என்று சொன்னது இதனால்தான்.

பயந்து நிற்பவளிடம் அவன் சத்தியம் செய்யவில்லை, போகமாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. என் தாயும் உன் தாயும் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் உறவு, நானும் நீயும் எப்படி ஒருவரையொருவர் அறிந்தோம் என்று அந்நியத்தை முழுசாக ஒத்துக்கொள்கிறான். பிறகுதான் செம்மண்ணில் விழுந்த மழைநீர் வருகிறது.

நான் வளர்ந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில். லாரி போகிற செம்மண் ரோட்டில் மழை பெய்தால், விழும்போது நிறமில்லாத தண்ணீர் காலடியில் ஓடும்போது தேத்தண்ணி நிறத்தில் ஓடும். வெள்ளைப் பள்ளிச்சட்டையில் ஒரு துளி தெறித்தாலும் போதும். அம்மா கட்டி சவுக்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் மங்கலாக ஒரு விளிம்பு மட்டும் மிச்சமிருக்கும். மழை வானத்தில் இருந்து வந்தது, மண் கீழே கிடந்தது, இரண்டுக்கும் முன்பின் உறவு இல்லை. கலந்த பிறகு பிரித்தெடுத்துக் காட்டச் சொன்னால் முடியாது. "இனி பிரிவது நம் கையில் இல்லை" என்பதுதான் அவன் பதில்.

சாதி பார்க்காத காதலுக்கு இந்தப் பாட்டைக் கொடியாகப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதையும் தவறென்று சொல்லமாட்டேன், வரிகள் இடம் கொடுக்கின்றன. ஆனால் பாட்டின் முதல் வேலை ஒரு பெண்ணின் பயத்தைத் தணிப்பது. பாடியவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையை வைத்தே செம்புலப் பெயனீரார் என்று கூப்பிடுகிறோம்.

"அதுக்கு அவ என்ன சொன்னா?" என்று கேட்டாள் பெண்.

பாட்டில் பதில் இல்லை. அகப்பாட்டு ஒரு குரலோடு நின்றுவிடும். ஆனால் அதே தொகுப்பின் மூன்றாம் பாட்டு தலைவியின் குரல். அவனோடு கொண்ட அன்பு நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழமானது என்று சொல்லிவிட்டு, கரிய கொம்புடைய குறிஞ்சியின் பூக்களிலிருந்து தேனீக்கள் பெருந்தேன் கூட்டுகிற மலைக்காரன் அவன் என்று முடிப்பாள். நாலே வரி. திரையில் எடுத்துக் காட்டினேன். இரண்டு தலைவியும் ஒரே பெண்ணா என்று கேட்டாள். பெயர் இல்லையே, எப்படிச் சொல்வது என்றேன்.

வெளிப்பக்கம் அவன் பாட்டு, உள்பக்கம் அவள் பாட்டு என்று முடிவாயிற்று. "ரெண்டு பாட்டுன்னா காசு கூடுமாண்ணே?" என்று மாப்பிள்ளை கேட்டார். எழுத்துக்குக் காசில்லை, பேப்பருக்குத்தான் என்றேன். புரூஃப் எடுத்துக் கொடுத்ததும் தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது. என்னிடம் பென்சில் வாங்கி ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். "செம்புலப் பெயர்நீர்" என்று அடித்திருந்தேன்.

"பேரே இல்ல, பேரே இல்லன்னு இவ்ளோ நேரம் சொன்னீங்களே தம்பி" என்றார்.